கழுதை கேட்ட ஒரு வாரம்

என் கிளினிக்கின் காத்திருப்பு அறையில், பொம்மைகள் அடுக்கிய தட்டில், ஒரு வீடியோ கேசட் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அங்கே வேறெதையும் வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கிளினிக் திறந்த நாளிலிருந்து அந்தக் கேசட் அங்கேதான் நின்றது. கறுப்பு உறை, முதுகில் ஒட்டிய வெள்ளைத் தாள், அதில் நீல மையில் சாய்ந்த கையெழுத்தில் ‘கழுதை. யாரும் தொடாதீர்’ என்று எழுதியிருக்கும். நான் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டர். ஹூஸ்டனில் இன்றைக்குப் பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக் கேசட் என்றால் என்னவென்றே தெரியாது. சிலர் புத்தகம் என்று நினைத்துத் திறக்கப் பார்ப்பார்கள். இதற்குள் ஒரு கழுதை இருக்கிறது, அது பேசும் என்பேன். பேசச் சொல் பார்க்கலாம் என்பார்கள். நான் தொண்டையைச் செருமி, கழுத்துப் பட்டனைத் தொட்டு, தலையைச் சற்றுத் தாழ்த்தி, “வந்துங்க… ஒரு சின்ன விண்ணப்பமுங்க…” என்று இழுப்பேன். தமிழில் ஒரு சொல் தெரியாத மெக்சிகோக்காரப் பிள்ளைகூட அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்துவிடும். சிரித்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் என் வேலையில் பாதி முடிந்துவிடும்.

அந்தக் கேசட்டைக் கொடுத்தவர் அங்கிள். பெயர் சொல்லப் போவதில்லை. நியூ ஜெர்சியில் எங்கள் வட்டத்தில் அங்கிள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடைமொழி எதுவும் இல்லாமல் வெறும் ‘அங்கிள்’ என்றால் அது அவர் ஒருவர்தான். சென்னையில் பிறந்து வளர்ந்தவர். நல்ல உயரம், அடர்ந்த மீசை, எந்தக் கூட்டத்துக்கும் கடைசியில் வந்து நடுவில் உட்கார்ந்துவிடும் சாமர்த்தியம். ஒரு மருந்து கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரரான என் அப்பாவின் பெயரை அந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூட வேலைக்குச் சிபாரிசு செய்தவர் அவர். நாங்கள் வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், பிஸ்கட்டவே என்ற ஊரில் இருந்த தன் வீட்டு பேஸ்மெண்டில் எங்கள் மூன்று பேரையும் தங்க வைத்தவரும் அவர்தான். எனக்கு அப்போது ஐந்து வயது. அந்த நாட்களில் நினைவிருப்பது பாய்லரின் உறுமலும், தலைக்கு மேலே அவர்கள் நடக்கும் காலடிச் சத்தமும், அங்கிளின் மனைவியான ஆன்ட்டி படியிறங்கிக் கொண்டுவந்து தந்த ரசமும்தான். அப்பா அவரை ‘சார்’ என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார். அவர் அப்பாவை ‘பாளையத்தார்’ என்பார். அது செல்லப் பெயர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேசட்டில் இருந்தது ஏழெட்டு நிமிடத்துக்கு ஓடும் ஒரு பழைய கார்ட்டூன். அப்பா பிறப்பதற்கு முன்பே எடுத்ததாக இருக்கும். வண்ணங்கள் எல்லாம் வெயிலில் காயப்போட்ட புடவை மாதிரி வெளுத்திருக்கும். மருந்துக் கடை வாசலில் யாரும் சீண்டாத கேசட்டுகளைக் கொட்டி வைத்திருந்த தொட்டியிலிருந்து அங்கிள் பொறுக்கி வந்தாராம். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துப் பழங்காலக் கதை. செம்மண் பாலைவனம், கள்ளிச் செடி, ஒரே ஒரு தெரு உள்ள ஊர். ஊரின் காவல் அதிகாரியான ஷெரீப் ஒரு புல்டாக் நாய். தொப்பைக்கு மேல் நட்சத்திரம் குத்தியிருக்கும். அவருக்கு எடுபிடியாக ஒரு கழுதை. கழுதைக்கு அந்த ஊரில் வீடு கிடையாது. ஜெயிலில் கைதி இல்லாத அறையில் வைக்கோல் பரப்பிப் படுத்துக்கொள்ளும். முதல் காட்சியிலேயே ஷெரீப் வந்து கம்பிக் கதவைத் தடதடவென்று தட்டி அதை எழுப்புவார். பிறகு வங்கியைக் கொள்ளையடிக்க ஒரு நரி ரயிலில் வந்து இறங்கும், துரத்தல் தொடங்கும். அடி முழுவதும் கழுதைக்குத்தான். மதுக்கடையின் ஆடும் கதவு அதன் மூக்கில் முன்னும் பின்னுமாக மொத்தும், தண்ணீர்த் தொட்டி தலையில் கவிழும், வெடிமருந்துப் பெட்டி என்று தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்து வானத்துக்குப் போகும். போனது கீழே விழும்போது தற்செயலாக நரியின் மேலேயே விழுந்து அதைப் பிடித்துவிடும். ஊரார் தரும் பதக்கத்தை ஷெரீப் குத்திக்கொள்வார். கழுதை பழையபடி ஜெயிலறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். படத்தில் வசனம் இல்லை. வாய்கள் அசையும், வாத்திய ஓசை கேட்கும், அவ்வளவுதான்.

அந்த ஊமை வாய்களுக்குத் தமிழ் கொடுத்தவர் அங்கிள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் எல்லாக் குடும்பங்களும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு கூடுவோம். சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் பேஸ்மெண்டுக்கு இறங்குவார்கள். அங்கிள் டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, கையில் ஒரு மைக்கோடு திரையின் ஓரத்தில் நிற்பார். ஷெரீப்பும் அவரே, கழுதையும் அவரே, நரியும் அவரே. ஷெரீப் மெட்ராஸ் பாஷை பேசுவார்: “இன்னாபா, எத்தினி நாளு இங்கயே குந்திக்கினு கீறே? இது ஜெயிலா, உன் மாமியார் ஊடா?” கழுதை எழுந்து, தொண்டையைச் செருமி, கழுத்துப் பட்டனைத் தொடும். அதாவது அங்கிள் தன் பட்டனைத் தொடுவார். “வந்துங்க… ஒரு சின்ன விண்ணப்பமுங்க… இன்னும் ஒரே ஒரு வாரமுங்க. புள்ளைய வெச்சுக்கிட்டு இந்தக் குளிர்ல எங்கீங்க போறது?” பேஸ்மெண்டே அதிரும். திரையில் பாலைவனம், உச்சி வெயில், கள்ளிச் செடிக்கே வியர்க்கிறது, இதில் குளிராம்! கழுதைக்குப் பிள்ளையும் கிடையாது. அந்த அபத்தத்துக்குத்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நாங்கள் பிள்ளைகள் நினைத்தோம். நாங்கள் அதற்குத்தான் சிரித்தோம்.

எனக்குப் பத்து வயதானபோது கழுதையின் குரலை அங்கிள் எனக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்றால் கிரீடம் சூட்டுவது போலத்தான். மற்றப் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவர்கள். அவர்கள் ஒவ்வொருவராக முயன்று பார்த்தும் அந்த ‘ங்க’ ஒட்டவில்லை. என் முறை வந்தபோது நான் முழுவதையும் ஒரே மூச்சில், செருமல் உட்பட, சொல்லி முடித்தேன். அங்கிள் என் தலையில் கை வைத்து, “பாத்தீங்களா? இந்த வாய்ஸ் இவளுக்குத்தான் வரும். ப்ளட்லயே இருக்கு!” என்றார். ஆன்ட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் ஆங்கிலத்தைக் கேட்டு மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. மதிய உணவில் என் டப்பாவைத் திறந்தால் தள்ளி உட்கார்ந்தவர்கள் உண்டு. மாதத்தில் ஒரு நாள், அந்த பேஸ்மெண்டில், நான் வாயைத் திறந்தால் நாற்பது பேர் கைதட்டினார்கள். அங்கிள் எனக்காகப் புது வசனங்கள் எழுதினார், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொல்லித் தந்தார், காரில் அழைத்துப் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். “நீதான்டா கண்ணு என் ஹீரோயின்” என்பார். அவரைப் போல ஒரு மனிதர் உண்டா என்று இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் அப்பாவைவிட அவரை எனக்குப் பிடித்திருந்த வருடங்கள் உண்டு.

அப்பா அந்தக் கூட்டங்களில் பேசமாட்டார். பின்னால் பாய்லர் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்காருவார். முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டிருப்பார். படம் பாதியில் இருக்கும்போதே எழுந்து மேலே போய், சாப்பிட்ட காகிதத் தட்டுகளை எல்லாம் குப்பைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் அவர் அப்படியில்லை. அம்மாவோடும் என்னோடும் சளசளவென்று பேசுவார், கோபியில் கால்வாயில் குதித்த கதை, வாத்தியாரை ஏமாற்றிய கதை எல்லாம் தடுக்காமல் வரும். வெளியே போனால் ஏன் இவர் இப்படி உம்மென்று இருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அது அவர் சுபாவம் என்று அம்மா சொல்லிவிடுவாள். ஒருமுறை காரில் திரும்பும்போது, நான் எப்படிப் பண்ணினேன் என்று கேட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே, “நல்லாப் பண்ணுன கண்ணு. தெளிவா இருந்துச்சு” என்றார். இன்னும் கொஞ்சம் புகழ்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நான் வளர்ந்தபிறகு, அங்கிள் வீட்டுக்கு எதற்கு இன்னும் மாதா மாதம் போக வேண்டும் என்று அம்மா ஒருநாள் சலித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அப்பா அதற்குச் சொன்ன பதிலும் ஞாபகம் இருக்கிறது: “உண்ட ஊட்டுக்கு ரெண்டகம் நெனைக்கப்படாது.” ஏதோ பழமொழி சொல்கிறார் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் கல்லூரிக்குக் கிளம்பியபோது அங்கிள் அந்தக் கேசட்டை என் கையில் கொடுத்து, “இது உன் சொத்துடா, பத்திரம்” என்றார். அங்கிருந்து படிப்பு, கல்யாணம், டெக்சாஸ் என்று நான் போன இடமெல்லாம் அதுவும் வந்தது. என் மகள் பிறந்ததும் அவளைத் தூங்கவைத்தது கழுதைக் குரல்தான். சாப்பிட அடம்பிடித்தாலும் அதே குரல்தான். அப்பா ஓய்வுபெற்றபிறகு அம்மாவும் அவரும் எங்களோடு ஹூஸ்டனுக்கு வந்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் என் மகள் “டாங்கி வாய்ஸ் பண்ணும்மா” என்று கேட்பாள், நான் தொடங்குவேன், அப்பா தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். எத்தனை தண்ணீர்தான் ஊற்றுவார், செடி அழுகப் போகிறது என்று நான் கேலி செய்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா காலமானார்.

சென்ற ஆண்டு அங்கிளுக்கு எண்பது வயது நிறைந்தது. அவருடைய மகன் என்னைக் கூப்பிட்டு, நியூ ஜெர்சியில் பெரிய ஹால் எடுத்திருக்கிறோம், அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை, நீயும் அவரும் சேர்ந்து கடைசியாக ஒருமுறை அந்தக் கார்ட்டூனுக்கு லைவாகப் பேச வேண்டும் என்றான். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு வாரம் கிளினிக்கில் வந்த பிள்ளைகளிடம் எல்லாம் ஒத்திகை பார்த்தேன். அங்கிள் எனக்குக் கற்றுத் தந்த இடைவெளிகளை எல்லாம் காரில் போகும்போது சொல்லிப் பார்த்தேன். கேசட்டைத் தட்டிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஹாலில் அவர் மேசையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றியது. அம்மா வரவில்லை என்றாள். நான் விடவில்லை. “அப்பா இருந்தா கட்டாயம் வந்திருப்பாரும்மா” என்றேன். அம்மா தன் பெட்டியை எடுத்து வைத்தாள்.

அங்கிளின் மகன் தன் பங்குக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருந்தான். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் ஒரு வீடியோ கேமரா இருந்தது. அதில் எடுத்த பழைய பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, வெட்டி ஒட்டி, பெரிய திரையில் போட்டான். ஹால் நிறைய ஆட்கள், நரைத்த தலைகள், அந்தச் சனிக்கிழமைக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. திரையில் அங்கிள் வீட்டு முன்னறை வந்தது. ஏதோ ஒரு பொங்கல். யாரோ அப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளி, பாளையத்தார் நாலு வார்த்தை பேசணும் என்கிறார்கள். என் அப்பா, இப்போதைய என்னைவிட இளையவர், முழுக்கைச் சட்டையில் எழுந்து நிற்கிறார். தொண்டையைச் செருமுகிறார். கழுத்துப் பட்டனைத் தொடுகிறார். தலை தாழ்கிறது. “வந்துங்க…” என்கிறார். “வந்துங்க… சாரோட உதவி இல்லீங்கன்னா… வந்துங்க…” கேமராவைப் பிடித்திருந்தவர் சிரிப்பை அடக்கியதில் படம் ஆடுகிறது. சோபாவில் இருந்த ஆன்ட்டிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். அப்பா அவர்களைப் பார்த்துவிட்டு, தானும் கொஞ்சம் சிரித்து, உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த காட்சியில் பேஸ்மெண்ட். பத்து வயதில் நான், கையில் மைக், தொண்டையைச் செருமி, கழுத்துப் பட்டனைத் தொட்டு, தலையைத் தாழ்த்தி, “வந்துங்க…” என்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டியிருந்தான். அவனுக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஹாலில் எனக்குப் பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியபடி, “ஐயோ, அப்படியே அவரேதான்பா!” என்றார்.

அதற்கு முன்னால் அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் அவருக்குச் செருமல் கிடையாது, ‘வந்துங்க’ கிடையாது. வெளியாள் முன்னால், தன்னைவிடப் பெரியவர் என்று தான் நினைத்தவர் முன்னால் நிற்கும்போது மட்டும் வந்த தடுமாற்றம் அது. பிள்ளைகள் வேறு அறையில் விளையாடிக்கொண்டிருந்தோம், எங்களுக்குத் தெரியாது. பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆண்டுக்கணக்காக அந்த பேஸ்மெண்டில் அவர்கள் கழுதையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பாய்லர் பக்கத்து மடக்கு நாற்காலியைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். அம்மா திரையைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “உனக்குத் தெரியுமா?” என்றேன். தெரியும் என்று தலையை ஆட்டினாள். அந்த ஒரு வாரம், குளிர், பிள்ளை, அதெல்லாம் என்ன என்று கேட்டேன். அம்மா என் காதருகே, மற்றவர்கள் சிரிப்புக்கு நடுவில், மெதுவாகச் சொன்னாள்:

“நாம பேஸ்மெண்ட்ல இருந்தப்ப, பாத்த அபார்ட்மெண்ட் கை தவறிப்போச்சு. அப்பா மேல போயி சார்கிட்ட இன்னும் ஒரு வாரம் கேட்டாரு. நான் படியில நின்னுட்டிருந்தேன். புள்ளைய வெச்சுக்கிட்டு இந்தக் குளிர்ல எங்கீங்க போறதுன்னு கேட்டாரு. நீதான் கண்ணு அந்தப் புள்ள.”

“அங்கிள் குடுத்தாரா?”

“குடுத்தாரு. குடுத்துப்போட்டு ஊருக்கெல்லாஞ் சொல்லிப்போட்டாரு.”

ஒரு மனிதர் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கிய புது ஊரில், வேறு வழியில்லாமல், ஒருவரை மட்டும் நம்பி, தனியாகப் போய்க் கெஞ்சிக் கேட்கிறார். கேட்கப்பட்டவர் அதை வாங்கி, நன்றாக இருக்கிறதே என்று வாயில் போட்டுப் பார்த்து, வசனமாக்கி, மாதா மாதம் மைக்கில் பேசுகிறார். போதாது என்று, எந்தப் பிள்ளைக்காகக் கெஞ்சினாரோ அந்தப் பிள்ளையையே பொறுக்கி எடுத்து, அதன் வாயிலேயே அதைப் போடுகிறார். ரத்தத்திலேயே இருக்கிறது என்று வேறு சொல்கிறார். எனக்கு என்மேல் கோபம் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும். ஆனால் அவர் எனக்குத் தந்த ஒவ்வொன்றையும், ஐஸ்கிரீமை, கைதட்டலை, தலையில் வைத்த கையை, அந்த ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழந்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று நம்மவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சோறு போட்ட வீடு, உண்டவனுக்குச் செய்யும் இரண்டகத்துக்கு ஒரு பழமொழி இல்லை. இருந்திருந்தால் அப்பா அதைச் சொல்லியாவது ஒருநாள் எழுந்து வந்திருப்பார்.

அதற்குள் மேடையில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து போனேன். போகாமல் இருந்திருக்கலாம், கால் போய்விட்டது. அங்கிள் பட்டு ஜிப்பாவில், கைத்தடியோடு, இன்னும் அதே மீசையோடு நின்றிருந்தார். என்னை அணைத்து, “வாடா கண்ணு, கலக்கிடலாம்” என்றார். விளக்கு அணைந்தது. வெளுத்த பாலைவனம் சுவர் முழுக்க விரிந்தது. ஷெரீப் வந்து கம்பிக் கதவைத் தட்டினார். அங்கிளின் குரல் எண்பது வயதிலும் கணீரென்று வந்தது: “இன்னாபா, எத்தினி நாளு இங்கயே குந்திக்கினு கீறே? இது ஜெயிலா, உன் மாமியார் ஊடா?” ஹால் சிரித்துவிட்டு, அடுத்த வரிக்காகச் சட்டென்று அடங்கியது. எல்லாருக்கும் அடுத்த வரி மனப்பாடம். வைக்கோலிலிருந்து கழுதை எழுந்து வாயைத் திறந்தது.

நான் செருமவில்லை, பட்டனைத் தொடவில்லை. அப்பா சாப்பாட்டு மேசையில் கால்வாய்க் கதை சொல்லும்போது எப்படிப் பேசுவாரோ அப்படி, தடுக்காமல், நிமிர்ந்து பேசினேன். “விண்ணப்பம் ஒண்ணும் இல்லீங்க. புள்ள பெரிசாயிருச்சுங்க. நாங்க கெளம்பறமுங்க.”

ஹால் வெடித்துச் சிரித்தது. புது வசனம் என்று நினைத்துவிட்டார்கள், விசில்கூட அடித்தார்கள். திரையில் ஷெரீப்பின் வாய் அசைந்தது. அது அங்கிள் பேச வேண்டிய இடம். அவர் பேசவில்லை. மைக் கையில் இருந்தது, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெரீப் கையை ஆட்டி ஆட்டி ஏதோ அதட்டுகிறார், சத்தம் இல்லை. நான் மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். அவருடைய மகன் ஓடிவந்து மைக்கை எடுத்து, நரிக்கும் ஷெரீப்புக்கும் என்னென்னவோ ஆங்கிலத்தில் பேசி ஒப்பேற்றினான்.

கிளம்பும்போது வாசலில் அங்கிள் என் கையைப் பிடித்தார். “அது வெறும் ஜோக்டா. ஹெல்ப் பண்ணவன்தானே நான்? உங்கப்பாவே சிரிச்சிருக்காரு, நீ பாக்கல?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. “சிரிச்சாரு அங்கிள். உங்க வீட்ல உக்காந்துக்கிட்டு வேற என்ன பண்ணுவாரு?” என்றேன். பைக்குள்ளிருந்த கேசட்டைத் துணியோடு எடுத்து அவர் கையில் வைத்தேன். என் சொத்து என்று அவர் சொன்னதை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அம்மா அதற்குள் ஆன்ட்டியிடம் போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடைபெற்று வந்தாள். அந்த ரசத்தை அவள் மறக்கவில்லை. காரில் ஏறியதும், “இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?” என்று அவள்மேல் பாய்ந்தேன். “உங்கப்பா சொல்லக் கூடாதுன்னாரு. அந்தப் பள்ளிக்கூடத்துல நீ அழுதுட்டு வருவ. அங்க போனாத்தான் சிரிச்ச. அதக் கெடுக்க வேண்டாம்னாரு” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹூஸ்டன் திரும்பிய பிறகு எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அப்பாவின் உண்மையான குரலைத் தேடினேன், அந்தச் சாப்பாட்டு மேசைக் குரலை. என் போனில், கணவரின் போனில், பழைய கம்ப்யூட்டரில், மகளின் பிறந்தநாள் வீடியோக்களில், எல்லாவற்றிலும் தேடினேன். எல்லாவற்றிலும் அப்பா இருக்கிறார். கேக்குக்குப் பக்கத்தில் நிற்கிறார், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார், கேமராவைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறார். எங்கள் வீட்டுக்குள்ளேயே கேமரா என்றால் அவருக்கு அந்த முன்னறைதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அப்பா பேசிய பதிவு என்று உலகத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு பொங்கலன்று, முழுக்கைச் சட்டையில், “வந்துங்க… சாரோட உதவி இல்லீங்கன்னா…” என்று அவர் திணறுவது. அது அங்கிள் வீட்டில் இருக்கிறது.

அம்மாவுக்கு அது வேண்டும். வாய்விட்டுக் கேட்கமாட்டாள், ஆனால் நேற்றுக்கூட, அந்த வீடியோவில் அப்பா என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், கவனித்தாயா என்றாள். எனக்கும் வேண்டும். திணறலாக இருந்தாலும் அது அவர் குரல். அங்கிளின் மகனுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும், உடனே அனுப்பிவிடுவான். அனுப்பும்முன் அங்கிளிடம் ஒரு வார்த்தை சொல்வான், அவரும் தாராளமாகக் கொடு என்பார். கொடுப்பதில் அவர் என்றைக்குமே குறை வைத்ததில்லை.

இன்று காலை முதல் பிள்ளை வருவதற்கு முன், பொம்மைத் தட்டின் காலி இடத்துக்கு எதிரே உட்கார்ந்து, போனை எடுத்து எழுதத் தொடங்கினேன். எப்படித் தொடங்கினாலும் அது ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. ‘ஒரு சின்ன விண்ணப்பம்’ என்று எழுதினேன், அழித்தேன். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், அதையும் அழித்தேன். அப்பாவால் அன்றைக்கு அந்தப் படியேறிப் போய்க் கேட்க முடிந்தது, கீழே நான் இருந்தேன். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டேன்.